விண்ணப்பப் பெட்டியின் சாவி

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு லூர்துராணி திருவெறும்பூரில் பஸ் ஏறினாள். மடியில் நீல பெயிண்ட் அடித்த ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஏழு பெண்களின் கவலை இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரத்தை விட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். லூர்துராணிக்கு அறுபத்திரண்டு வயது. அங்கன்வாடியில் முப்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து ஓய்வு பெற்றவள். கணவர் பாக்கியநாதன், பெரிய தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் கொதிகலன் குழாய்களுக்கு வெல்டிங் அடித்தவர். முன்னங்கை இரண்டிலும் தீப்பொறி விழுந்த புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஒரே மகள் ஜென்சி பெங்களூரில், ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறாள்.

பாக்கியநாதனுக்கு ஏழு மாதமாக மறதி. அது லூர்துராணிக்கு மட்டும்தான் தெரியும். ஜென்சி போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பேரன் பெயரை வாயசைத்துக் காட்டுவாள். அவர் அதைப் பார்த்துச் சொல்வார். மகளுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டி இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த ஒன்பதாவது மாடியில் அவருக்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கும்.

இங்கே அவருக்குப் புதன்கிழமை இருந்தது. புதன் சாயங்காலம் ஆறு மணிக்குப் பங்குக் கோயிலில் சகாய மாதா நவநாள். ஜனங்கள் வாரம் முழுக்க எழுதிப் போடும் விண்ணப்பச் சீட்டுகளை மைக் முன்னால் நின்று வாசிப்பது பாக்கியநாதன்தான். பதினோரு வருஷமாக அவர்தான். பெட்டியின் சாவியும் அவரிடம்தான். நாலு மணிக்கே போய்த் திறந்து, சீட்டுகளை ஒரு தடவை பார்த்து, குடும்ப ரகசியம் இருப்பவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றதைத்தான் வாசிப்பார். அந்த நேர்மைக்காகவே பயமில்லாமல் எழுதிப் போடுகிறவர்கள் உண்டு.

பஸ் பால்பண்ணை தாண்டும்போது போன் அடித்தது. ஜென்சி.

"அம்மா, அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லாயிருக்காரு. காலையில ரெண்டு இட்லி கூடுதலாக் கேட்டாரு."

"போன வாரம் கோயில் லைவ் பார்த்தேன். ஒரு சீட்டைப் பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாரும்மா."

"கண்ணாடி மாத்தணும். அதான்."

"கண்ணாடியா?" என்றாள் ஜென்சி. "ஞாயித்துக்கிழமை வரேன். வீட்டைப் பத்திப் பேசணும். இன்னைக்கும் லைவ் பார்ப்பேன்."

"பாரு, பாரு. கண்டக்டர் வராரு, வெச்சுடறேன்" என்றாள் லூர்துராணி. கண்டக்டர் எப்போதோ டிக்கெட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த தஸ்லிமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். தஸ்லிமா வீட்டிலேயே மூன்று மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். கேட்காததுபோல இருக்கத் தெரிந்தவள்.

இருவரும் ஒரே புத்தக வட்டம். லிசி என்கிற நர்ஸ் ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோயில் வளாகத்தில் ஞாயிறு மறைக்கல்வி நடக்கிற அறையில் ஏழு பெண்கள் கூடுவார்கள். இந்த மாதப் புத்தகம் நீல அட்டை. கவலையை விட்டுவிடுவது எப்படி என்று இருநூற்றுப் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருந்தது. கவலை வந்தால் விரட்டாதே, சண்டை போடாதே, மேகம் போவதுபோலக் கவனித்துக்கொண்டிரு என்றது. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பயிற்சி. மனசைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு கவலையைப் பெயர் போடாமல் ஒரு தாளில் எழுது. ஏழு நாள் அதைத் திறந்து பார்க்காதே. பிறகு ஓடும் தண்ணீரில் விடு.

போன செவ்வாய்க்கிழமை எழுதினார்கள். எழுதத் தாள் இல்லை. அறை அலமாரியில் விண்ணப்பம் எழுத, மூலையில் சின்னச் சிலுவை அச்சடித்து வெட்டி வைத்திருந்த வெள்ளைச் சீட்டுக் கட்டு இருந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். போட்டு வைக்க டப்பாவும் அந்த அலமாரியிலேயே இருந்தது. மூடியில் நீளமாக ஒரு துளை. அதை அறுத்து, கையைக் கிழிக்காதபடி ஓரம் ராவியது பாக்கியநாதன். திருவிழாவுக்கு முன் விண்ணப்பப் பெட்டிக்கு பெயிண்ட் அடித்தபோது இரண்டு வாரம் இந்த டப்பாதான் பெட்டியாக இருந்தது.

வீட்டில் வைத்தால் அவர் திறந்துவிடுவார் என்று லூர்துராணி டப்பாவை அலமாரியிலேயே விட்டிருந்தாள். இன்று காலை போய் எடுத்தாள். திறக்கவில்லை. காதருகே ஆட்டிப் பார்த்தாள். சரசரவென்றது. போதும் என்று கிளம்பினாள்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் படித்துறை நிறையக் கூட்டம். காவிரியில் தண்ணீர் ஒன்பதாம் படி வரை ஏறியிருந்தது. ஒரு பக்கம் திதி கொடுக்கிறவர்கள், இன்னொரு பக்கம் துணி துவைக்கிறவர்கள். ஆனந்தவள்ளி முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நின்றிருந்தாள். தொட்டியத்தில் வாழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அதைத் திட்டுகிற உரிமையும் அவளுக்கே இருந்தது.

"வாங்கக்கா. லிசிக்கு டூட்டியாம், வரல. மத்தவங்களுக்கெல்லாம் வீட்டுல விருந்தாளியாம். கவலையைத் தூக்கிப் போடக்கூட நாம மூணு பேருதான் வேலைக்காரங்க."

"நீங்க எழுதினதை விட மனசு வந்துச்சா?" என்றாள் தஸ்லிமா.

"எழுதினதே தூங்கி விழுந்துக்கிட்டுத்தான்" என்றாள் ஆனந்தவள்ளி. "ஒண்ணு கேக்கறேன். காத்தடிக்குது. வாழை சாயப்போகுது. அதைக் கவனிச்சுக்கிட்டே இருங்கறாரு இந்தப் புத்தகக்காரரு. சவுக்குக் கழியை எடுத்து முட்டுக் குடுக்காம எதுக்குக் கவனிக்கணும்? எங்க பெரியண்ணன்கிட்ட சொன்னேன். அந்த ஆளை ஒரு நாள் தோட்டத்துக்கு அனுப்பு, வேலை இருக்குங்குது."

"அவரு மனசைப் பத்திச் சொல்றாரு."

"மனசும் சாயத்தானே செய்யுது?"

படியில் ஈரத் துணியோடு ஏறிவந்த ஒரு மாமி, "பார்த்து இறங்குங்கோ, பாசி இருக்கு, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரும் தண்ணீர் ஓரம் உட்கார்ந்தார்கள். லூர்துராணி மூடியை நெம்பித் திறந்தாள்.

டப்பா நிறையச் சீட்டுகள் இருந்தன. எழுபது எண்பது இருக்கும். மடிக்காதவை. ஒன்றில்கூட ஒரு எழுத்து இல்லை.

தஸ்லிமா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஆனந்தவள்ளி இரண்டைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, புத்தகம் வேலை செய்யுது" என்றாள் ஆனந்தவள்ளி. "தண்ணியில விடறதுக்கு முன்னாடியே எல்லாம் போயிடுச்சு."

லூர்துராணி சிரிக்கவில்லை. போனை எடுத்துக் கோயில்பிள்ளை சகாயநாதனை அழைத்தாள். கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, கூட்டுவது எல்லாம் அவர் வேலை.

"சகாயம், மறைக்கல்வி ரூம் அலமாரியில ஒரு பிஸ்கட் டப்பா இருந்துச்சே?"

"ஆமா டீச்சரம்மா. நான்தான் ஞாயித்துக்கிழமை எடுத்தேன். உள்ள ஏழெட்டு விண்ணப்பம் அப்படியே கிடந்துச்சு. பெயிண்ட் அடிச்சப்போ போட்டது, யாரும் பார்க்காம விட்டுட்டாங்கபோல. பாவம், எந்த ஜனமோ எழுதிப் போட்டு ஒரு மாசமாக் காத்திருக்குன்னு நினைச்சுப் பெட்டியில போட்டுட்டேன். வெத்துச் சீட்டை டப்பாவுல நிரப்பி வெச்சேன், இன்னைக்கு வாசல்ல வைக்க. ஏன், நீங்களா எடுத்தீங்க?"

"அது விண்ணப்பம் இல்ல சகாயம்."

"சிலுவை போட்ட சீட்டுதானேம்மா?"

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. விண்ணப்பச் சீட்டில் எழுதி, விண்ணப்பப் பெட்டியில் போட்டால் அது விண்ணப்பம்தான். "பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுங்க" என்றாள்.

"சாவி பாக்கியண்ணன்கிட்டல்ல இருக்கு. இன்னொண்ணு ஃபாதர்கிட்ட. அவரு கும்பகோணம் போயிட்டாரு, நாளைக்குத்தான் வருவாரு. இன்னைக்குப் பூசைக்கு வேற ஃபாதர் வராங்க."

லூர்துராணி போனை வைத்துவிட்டு, சீட்டு போன இடத்தையும் சாவி இருக்கும் இடத்தையும் மற்ற இருவருக்கும் சொன்னாள். அவள் என்ன எழுதினாள் என்பது அவளுக்கு வரிக்கு வரி தெரியும். அதைச் சாயங்காலம் யார் வாசிப்பார் என்பதும் தெரியும். பெயர் போட வேண்டாம் என்றிருந்ததால்தான் அத்தனையும் எழுதினாள்.

"என்னக்கா, அப்படி என்னத்த எழுதித் தொலைச்சீங்க?" என்றாள் ஆனந்தவள்ளி.

"வீட்டு விஷயம்."

ஆனந்தவள்ளி அதற்குமேல் கேட்கவில்லை. தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த புளிசாதத்தை அப்படியே லூர்துராணி கையில் கொடுத்தாள். "பஸ்ல சாப்பிடுங்க. சாவியை முதல்ல எடுங்க. உக்காந்து கவனிச்சுக்கிட்டு இருக்காதீங்க."

திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றார்கள். மலைக்கோட்டைப் பக்கம் ஏதோ ஊர்வலம், வண்டி நகரவில்லை. வேர்வையில் டப்பாவின் நீல பெயிண்ட் உள்ளங்கையில் ஒட்டியது. புளிசாதத்தைத் தஸ்லிமாதான் வற்புறுத்தி நாலு வாய் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள்.

"என்னோடதும் அதுலதானக்கா இருக்கு" என்றாள் தஸ்லிமா. "மாதா கோயில்ல என் விண்ணப்பம். எங்க வீட்டுக்காரரு ரஃபீக் பாய்க்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ."

"பேரு போடலையே."

"போடல. ஆனா எனக்குத் தெரியும்ல."

வீட்டு வாசலில் ஏறும்போது மணி இரண்டரை. பாக்கியநாதன் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துராணி செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"என்னங்க, எங்க கிளப் சீட்டு தெரியாம உங்க பெட்டியில கலந்துடுச்சு. சாவியைக் குடுங்க. போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"எது உங்க சீட்டுன்னு சொல்லு, நான் எடுத்து வைக்கிறேன்."

"நானே எடுத்துக்கறேன். பொம்பளைங்க எழுதினது."

"சரி. ஆணியில இருக்கு."

முன்வாசல் நிலையில் ஒரு ஆணி. பதினோரு வருஷமாகச் சாவி அதில்தான் தொங்கும். ஆணி மட்டும் இருந்தது.

"இங்க இல்லீங்க."

"இருக்கும். நல்லாப் பாரு."

"ஆணிதான் இருக்கு. சாவி இல்ல."

பாக்கியநாதன் எழுந்துவந்து ஆணியைத் தொட்டுப் பார்த்தார். "நீதான் எடுத்திருப்ப. கூட்டும்போது எடுத்து எங்கயாவது போட்டிருப்ப" என்றார். ஏழு மாதமாக எது காணாமல் போனாலும் அவள்தான் எடுத்திருப்பாள். மூக்குக்கண்ணாடி, வங்கிப் புத்தகம், ஒரு தடவை ஒற்றைச் செருப்பு. அவளும் ஆமாம் என்பாள். தேடி எடுத்து, தானே வைத்ததாகச் சொல்வாள். இன்றைக்கும், "ஆமா, நான்தான் எங்கயோ வெச்சுட்டேன்" என்றாள்.

தேடினார்கள். பீரோ, சட்டைப் பைகள், ஜெபப் புத்தகம், மேசை இழுப்பறை, மாவு டப்பா. மெத்தையைத் தூக்கி நிறுத்தினாள். குப்பைக் கூடையைத் தினத்தாள் விரித்துக் கொட்டினாள். நாலு மணி ஆனது. நாலே முக்கால் ஆனது. பாக்கியநாதன் ஐந்து மணிக்குத் தேடுவதை நிறுத்திவிட்டு, எதைத் தேடுகிறாய் என்று கேட்டார்.

"பெட்டிச் சாவிங்க."

"அதை ஏன் நீ தேடற? அது என்கிட்டல்ல இருக்கு."

"எங்க இருக்கு?"

"எப்பவும் வைக்கிற இடத்துலதான்."

அவர் குளித்தார். வெள்ளை வேட்டி கட்டினார். பின்கட்டுக்குப் போனார். அங்கே தகரக் கொட்டகையில் அவருடைய பழைய வேலைப் பை தொங்குகிறது. அதிலிருந்து கரி படிந்த தோல் கையுறைகளை எடுத்தார். இடதுகைக் கையுறையைக் கவிழ்த்து உதறினார். சாவி விழுந்தது.

முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலை லாக்கர் சாவியை அவர் வைத்த இடம் அது. ஷிப்ட் முடிந்ததும் கையுறை, கையுறைக்குள் சாவி.

"பாத்தியா" என்றார் பாக்கியநாதன். குரலில் பெருமை இருந்தது. "நீ வீட்டையே புரட்டிப் போட்ட."

மணி ஐந்து ஐம்பது.

கோயில் பக்கத்துத் தெருதான். அவர் முன்னால் வேகமாக நடந்தார். லூர்துராணி பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"என்னங்க, சாவியை என்கிட்ட குடுங்க. எங்க கிளப் சீட்டு இருக்குன்னு சொன்னேன்ல?"

"எந்தக் கிளப்?"

"மத்தியானம் சொன்னேனேங்க."

"நீ ஒண்ணும் சொல்லல."

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. புது ஃபாதர் நேரம் தவறாத ஆள், அங்கி போட்டுத் தயாராக நின்றார். பாக்கியநாதன் பெட்டியைத் திறந்து சீட்டுகளை இரண்டு கையாலும் அள்ளினார். பிரித்துப் பார்க்க நேரமில்லை. மணி அடித்துவிட்டது.

லூர்துராணி அவர் முழங்கையைப் பிடித்தாள். "இன்னைக்கு ஒரு நாள் வாசிக்க வேண்டாங்க."

"நாப்பது பேரு எழுதிப் போட்டிருக்காங்க லூர்து. வாசிக்காம எப்படி? கையை விடு."

அவள் கையை விட்டாள். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்துப் பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்கினாய் என்று கேட்டால் சீட்டில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பெண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சில் முக்காடு போட்டுக்கொண்டு தஸ்லிமா உட்கார்ந்திருந்தாள். தன் சீட்டைப் பார்க்க வந்திருந்தாள்.

பாட்டு முடிந்தது. பாக்கியநாதன் மைக் முன்னால் நின்றார். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், மைக் இல்லாவிட்டாலும் வாசல்வரை கேட்கும். இடது பக்கம் சீட்டுக் குவியல். வாசித்ததை வலது பக்கம் வைப்பார்.

விசா கிடைத்ததற்கு நன்றி. கல்லடைப்பு குணமாக வேண்டும். மகளுக்கு வரன். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள், "சகாய அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள்.

"பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. இது தியானமா, அசதியா என்று தெரியவில்லை."

கோயிலே சிரித்தது. ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கத்தில் இருந்தாள், அவளுக்கு இது தெரியாது. ஃபாதரும் சிரித்தார்.

"என் மகன் போன் செய்யும்போதெல்லாம் சாப்பிட்டேன் என்கிறான். என்ன சாப்பிட்டான் என்று சொல்வதில்லை."

கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் லூர்துராணிக்கு இல்லை. தஸ்லிமாவின் மகன் இம்தியாஸ் மஸ்கட்டில் இருக்கிறான். முந்நூறு பேர் அவனுக்காக வேண்டிக்கொண்டார்கள்.

அடுத்து அவர் எடுத்தது நான்காக மடித்த சீட்டு. அந்தக் குவியலில் நான்காக மடித்தது ஒன்றுதான்.

"என் வீட்டுக்காரருக்கு மறதி. வயசானால் வருகிற மறதி இல்லை" என்று வாசித்தார். "பால் வாங்கப் போனவர் வண்டியைக் கடை வாசலில் விட்டுவிட்டு..."

நின்றார்.

லூர்துராணி தரையைப் பார்த்தாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஐந்து விநாடி இருக்கும். யாருக்கும் அது பெரிய நேரமாகத் தெரியவில்லை.

"விட்டுவிட்டு நடந்தே வந்து, வண்டி திருட்டுப் போய்விட்டது என்றார். நான் போய்த் தள்ளிக்கொண்டு வந்தேன். போலீஸ் கண்டுபிடித்தது என்று பொய் சொன்னேன். மகளிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள், நீ யார் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை."

குரல் கடைசிவரை ஒரே மட்டத்தில் இருந்தது. ஜனங்கள் வேண்டிக்கொண்டார்கள். முன்பெஞ்சில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். யார் வீட்டுச் சீட்டு என்று யாருக்கும் தெரியாது. லூர்துராணி மூச்சை விட்டாள்.

சீட்டை அவர் கீழே வைத்தார். வலது பக்கம் போக வேண்டியது இடது பக்கமே விழுந்தது. அதை அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

ஒரு பரீட்சை. ஒரு சுகப்பிரசவம். பிறகு அவர் கை ஏற்கெனவே பிரித்த ஒரு சீட்டை எடுத்தது.

"என் வீட்டுக்காரருக்கு மறதி. வயசானால் வருகிற மறதி இல்லை."

லூர்துராணி கண்ணைத் திறந்தாள்.

"பால் வாங்கப் போனவர் வண்டியைக் கடை வாசலில் விட்டுவிட்டு நடந்தே வந்து, வண்டி திருட்டுப் போய்விட்டது என்றார்."

முதல் தடவை நின்ற இடத்தில் இந்தத் தடவை அவர் நிற்கவில்லை. புதுச் சீட்டை வாசிப்பதுபோல நிதானமாக, அழகாக வாசித்தார். எங்கோ ஒரு குழந்தை, "இது படிச்சாச்சு" என்றது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். சகாயநாதன் தூண் பக்கத்தில் நின்றபடி கையில் இருந்த மெழுகுவர்த்தியை அணைக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

வாசித்து முடித்ததும் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, "சகாய அன்னையே" என்று ஒரு குரல் ஆரம்பித்தது. மற்றவர்கள் மெதுவாகச் சேர்ந்தார்கள். ஐந்தாவது பெஞ்சுக்கு முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. லூர்துராணி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. பாக்கியநாதனிடம், "நல்லா வாசிச்சீங்கண்ணே" என்று நாலு பேர் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். தஸ்லிமா வந்து லூர்துராணியின் கையைப் பிடித்தாள். "காலையில பஸ்லயே புரிஞ்சுதுக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

போனில் ஜென்சியின் அழைப்பு ஏழு தடவை வந்து நின்றிருந்தது.

வீட்டில் லூர்துராணி தோசை ஊற்றினாள். மெத்தை இன்னும் சுவரில் சாய்ந்து நின்றது. பாக்கியநாதன் மூன்று தோசை சாப்பிட்டார். நாலாவதைப் பிட்டு வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா லூர்து?"

அவள் தோசைக் கரண்டியோடு நின்றாள்.

"வண்டின்னு வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. நிறுத்திடலாம்னு பார்த்தேன். நிறுத்தினா யாரு வீட்டுச் சீட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுசா வாசிச்சு முடிச்சேன்." தண்ணீர் குடித்தார். "உன் மேல கோபமில்ல. எனக்கும் கொஞ்ச நாளா என்னமோ சரியில்லைன்னு தெரியுது. யாருக்கும் தெரியாது. நீ கவலைப்படாதே."

"ரெண்டாவது தடவை ஏங்க வாசிச்சீங்க?"

பாக்கியநாதன் அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று பார்த்தார்.

"எந்த ரெண்டாவது தடவை?" என்றார்.

அடுப்பில் தோசை கருகியது. எட்டாவது தடவையாக போன் அடித்தது. லூர்துராணி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை.

"அம்மா, அது அப்பாதானே?" ஜென்சி அழுதிருந்தாள்.

"ஆமா. அப்பாதான். ஏழு மாசமா."

"என்கிட்ட ஏம்மா..."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே கிளம்பி வா. டாக்டர்கிட்ட போகணும். ஆனா வீட்டைப் பூட்டற பேச்சோட வராதே. அடுத்த புதன் யாரு வாசிக்கிறதுன்னும் பேசணும்."

பாக்கியநாதன் கை கழுவிவிட்டு வந்தார். "யாரு வாசிக்கிறதுன்னு என்ன பேச்சு? நான்தான்" என்றார்.

மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு, மாட்டி வைக்கப் பின்கட்டுப் பக்கம் நடந்தார். ஆணி முன்வாசலில் இருந்தது.